சாவியைத் திருப்பிய இரவு

நுழையும்முன்

கிளம்ப மறுக்கும் கார் ஒன்று, தனக்கு நேர்ந்ததை ஒலியாலும் ஒளியாலும் வெப்பத்தாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். கேட்டதிலிருந்து காரணத்தைச் சென்றடைவதற்கு ஒழுங்கான சிந்தனை வேண்டும். இவ்விரண்டுக்கும் அடிநிலமாக உண்மை வேண்டும். பதினோராம் வகுப்பில் பயின்றபோது தம் தந்தையின் அருகில் நின்று கற்ற பாடம் ஒன்றை, இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் நினைவுகூர்வதே இக்கட்டுரை.

அப்பாவின் குறிப்பேடு

திருவையாற்றில் காவிரியின் வடகரையில் எங்கள் வீடு இருந்தது. வாசலில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் அப்பாவின் வாடகைக் கார். எங்கள் தெருவை விசாரித்து வருவோர்க்கு இவ்விரண்டுமே அடையாளங்கள். இருவர் கைமாறி அப்பாவிடம் வந்த பழைய வண்டி அது. திருமணத்திற்கும் திருத்தலப் பயணத்திற்கும் அதைப் பேசிவிட்டுச் செல்வார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டுவோர் பெரும்பாலும் நோயாளியின் உறவினராகவே இருப்பார்கள். 108 அவசர ஊர்திச் சேவை தமிழகத்திற்கு 2008ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்தில், எங்களைப் போன்ற ஊர்களில் இத்தகைய வாடகைக் கார்களே அப்பணியைப் பெரிதும் செய்தன.

அப்பாவின் வலது மணிக்கட்டு சற்றே கோணியிருக்கும். இளமையில் அவர் லாரி ஒன்றில் கிளீனராக வேலை பார்த்தவர். அந்தப் பழைய லாரியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி, உடல்வலுவெல்லாம் கூட்டிச் சுழற்றினால்தான் எஞ்சின் உயிர்பெறும். சில வேளைகளில் அது எதிர்த்திசையில் உதைக்கும். அப்படி உதைத்த ஒரு காலைப்பொழுதில் அவர் மணிக்கட்டு முறிந்தது. “வண்டி கோபித்துக்கொள்ளவில்லை; நான்தான் கட்டைவிரலைத் தவறாக வைத்துப் பிடித்திருந்தேன்” என்று அதைப் பற்றிச் சொல்வார். பழுதின் காரணத்தைத் தேடும்போது தம்மையும் அதில் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அன்றே வந்திருக்க வேண்டும்.

அவரிடம் நீளவாட்டில் கட்டம்போட்ட குறிப்பேடு ஒன்று இருந்தது. எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், தடைக்கட்டை தேய்ந்த நாள் என அனைத்தும் அதில் பதிவாகும். நான் பத்தாம் வகுப்பு முடித்ததும் அக்குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை எனக்கென ஒதுக்கினார். மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் நான் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். குளிர்விப்பானில் நீரளவு பார்த்தல். மின்கலத்தின் ஆறு அறைகளிலும் வாலைவடிநீர் அளவு பார்த்தல். மின்கலத்தின் இரு முனைகளையும் கழற்றித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, வாசலின் தடவுதல். முடித்ததும் குறிப்பேட்டில் ‘முடிந்தது’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

முதல் இரண்டு வேலைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். மூன்றாவது வேலைக்கு ஸ்பானர் வேண்டும், கை கறுக்கும், அரை மணிநேரம் ஆகும். ஞாயிறு காலைகளில் காவிரி மணலில் எங்கள் கால்பந்தாட்டம் தொடங்கிவிடும். ஆகஸ்டு மாதம் அந்த மூன்றாவது வேலையைச் செய்யாமலே ‘முடிந்தது’ என்று எழுதினேன். வண்டி வழக்கம்போல் கிளம்பியது. செப்டம்பரிலும் எழுதினேன், கிளம்பியது. அக்டோபரில் எழுதும்போது நெஞ்சில் உறுத்தல்கூட இல்லை.

தெரிந்து தெளிவோம்

கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை இயக்கும் முறை வலுவையும் துணிவையும் கேட்டது. பலரின் கைகளை முறித்தது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி, 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன்பின் காரை இயக்குவதற்கு உடல்வலு ஒரு தகுதியாக இல்லாமற்போனது. அம்மின்னோடிக்கு ஆற்றல் தருவது ஈய அமில மின்கலம். அதனைப் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார்.

ஐப்பசி மழை

அது 1994ஆம் ஆண்டின் ஐப்பசி. மூன்று நாள்களாக அடைமழை. தெருவெல்லாம் சேறு. மின்சாரம் மாலையிலேயே போய்விட்டது. இரவு 2 மணி இருக்கும். எதிர்வீட்டு அத்தை எங்கள் கதவைத் தட்டினார்.

“அண்ணே, பிள்ளைக்கு வலி எடுத்திருச்சு. பனிக்குடமும் உடைஞ்சிருச்சு. தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிரணும்ணே.”

அத்தையின் மகளுக்கு அது தலைப்பிரசவம். நான் அக்கா என்று அழைத்து வளர்ந்தவர். தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைக் கடந்துதான் நகரத்தை அடைய முடியும்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே வெளியில் வந்தார். அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து பின்னிருக்கையில் அமர்த்தினார்கள். அப்பா சாவியைத் திருப்பினார்.

‘டக்’ என்று ஓர் ஒலி. அவ்வளவுதான். மீண்டும் திருப்பினார். மீண்டும் அதே ‘டக்’. எஞ்சின் அசையவில்லை. பின்னிருக்கையிலிருந்து அக்காவின் முனகல் எழுந்தது. அத்தை, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். “தள்ளிவிடலாம் அண்ணே” என்று ஒருவர் பின்புறம் சென்று கையை வைத்தார். அப்பா இறங்கினார். அவர் குரல் பதறவில்லை.

“தள்ளினால் கிளம்பலாம். ஆனால் இந்தச் சேற்றில் எவ்வளவு தூரம் தள்ளுவீர்கள்? என்ன பழுது என்று தெரியாமல் கிளம்பினால் அந்தப் பழுதும் நம்மோடு கிளம்பும். நடுவழியில் வெட்டாற்றுப் பாலத்தில் நின்றுவிட்டால் அங்கே தள்ளுவதற்கு யார் இருக்கிறார்கள்? எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். முடியாவிட்டால் தள்ளுவோம்.”

சொல்லிவிட்டு ஓர் இளைஞரைச் சைக்கிளில் கடைத்தெருவுக்கு அனுப்பினார். அங்கே இன்னொரு வாடகைக் கார் இருந்தது. பதறாமல் இருப்பது வேறு, கைகட்டி இருப்பது வேறு என்பதை அன்று கண்டேன்.

ஒவ்வொரு கேள்வியாக

“தம்பி, நீ உள்ளே உட்கார். நான் சொல்லும்போது மட்டும் சாவியைத் திருப்பு” என்றார் அப்பா. அவர் முன்மூடியைத் தூக்கிவிட்டுக் காதைத் தாழ்த்தி நின்றார். மழை சற்று ஓய்ந்திருந்தது.

நான் திருப்பினேன். ‘டக்’.

“சாவி வேலை செய்கிறது” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை நான் அப்போது அறியேன். சாவியைத் திருப்பியதும் சிறிய அளவு மின்னோட்டம் ஒரு வரிச்சுருளுக்குச் செல்கிறது. அது காந்தமாகி, உள்ளிருக்கும் இரும்புத்தண்டை இழுக்கிறது. அத்தண்டு, மின்கலத்தையும் தொடக்க மின்னோடியையும் இணைக்கும் பெரிய தொடுமுனைகளைச் சேர்த்துவைக்கிறது. சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மடைக்கதவு அது. கதவு அசைந்த ஒலி கேட்டது; ஆகவே சாவியும் அதிலிருந்து செல்லும் கம்பியும் நலமே. கதவுக்குப் பின்னால் வெள்ளம்தான் வரவில்லை.

“ஹாரனை அழுத்து.” அழுத்தினேன், உரக்க ஒலித்தது. “முகப்பு விளக்கைப் போடு.” போட்டேன், வேப்பமரத்தின் அடிவரை வெளிச்சம் பரவியது. “பேட்டரியில் உயிர் இருக்கிறது” என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். “இந்த மாதம் டெர்மினல் இரண்டையும் துடைத்துப் பூட்டினாய் அல்லவா?”

அந்தக் கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எதிரில் அத்தை நின்றார்; தெருவே நின்றது; பின்னிருக்கையில் அக்கா வலியில் இருந்தார். “துடைத்தேன் அப்பா” என்றேன்.

அவர் தலையசைத்தார். மின்கல முனைகளை மூடியிருந்த ரப்பர் உறையின்மேல் சென்ற கை திரும்பியது. என் சொல்லை நம்பி அந்த இணைப்பை அவர் ஐயப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். எஞ்சியவை தொடக்க மின்னோடியும் அதற்குச் செல்லும் வடமும் எஞ்சினின் புவியிணைப்பும். அவை யாவும் வண்டிக்கு அடியில் இருந்தன. ஒரு சாக்கைச் சேற்றில் விரித்து, கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

மின்னோடியை மரக்கட்டையால் மெல்லத் தட்டினார். உள்ளே தேய்ந்த கரித்தூரிகை சிக்கியிருந்தால் தட்டலில் விடுபடும். “திருப்பு” என்றார். ‘டக்’. வடத்தின் மரையை முடுக்கிப் பார்த்தார். “திருப்பு.” ‘டக்’. புவியிணைப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தார், உறுதியாக இருந்தது. என் கைக்கடிகாரத்தில் ஐந்து நிமிடம் கடந்திருந்தது. பின்னிருக்கையில் அக்காவின் மூச்சு பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த ஐந்து நிமிடமும் என் நாவில் ஒரு சொல் கிடந்தது. அதை வெளியே விட எனக்குத் துணிவில்லை.

ஒளி சொன்னது, வெப்பம் காட்டியது

அப்பா வெளியில் வந்தார். முதுகெல்லாம் சேறு. ஒரு கணம் கண்களை மூடி நின்றார். பிறகு, “விளக்கைப் போட்டுக்கொண்டே சாவியைத் திருப்பு. நான் விளக்கைப் பார்க்கிறேன்” என்றார்.

திருப்பினேன். ‘டக்’ என்ற ஒலியுடன் முகப்பு விளக்குகள் இரண்டும் பட்டென்று அணைந்து, சாவியை விட்டதும் மறுபடி முழுமையாக ஒளிர்ந்தன.

அவர் முகம் மாறியது. விளக்குக்கும் மின்னோடிக்கும் வழிகள் வேறு. பழுது மின்னோடியின் தனிவழியில் எங்கேனும் இருந்து, அங்கு மின்னோட்டம் தடைப்பட்டிருந்தால் விளக்கு மங்கக் காரணமில்லை. விளக்கும் சேர்ந்து அணைகிறது என்றால், இரண்டு வழிகளும் பிரிவதற்கு முன்னால், பொதுவான ஓரிடத்தில்தான் தடை இருக்க வேண்டும். அந்தப் பொது இடம் மின்கலமும் அதன் முனைகளுமே. மின்கலம் வலுவிழந்திருந்தால் விளக்கு முதலிலேயே மங்கலாகத்தான் எரிந்திருக்கும்.

அவர் இரு முனைகளின் உறைகளுக்குள்ளும் விரலை நுழைத்துத் தொட்டுப் பார்த்தார். எதிர்முனை குளிர்ந்திருந்தது. நேர்முனை வெதுவெதுப்பாக இருந்தது. மின்னோட்டம் எங்கே தடைப்படுகிறதோ அங்கே வெப்பம் பிறக்கும். உறையை நீக்கினார். உள்ளே வெண்மையும் நீலப்பச்சையுமாகப் பொடி பூத்துக் கிடந்தது. அமில ஆவி உலோகத்தை அரித்து உண்டாக்கிய உப்பு அது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அத்தை வீட்டில் வெந்நீர் இருக்கும். ஆப்பச்சோடாவும் வாங்கி வா” என்றார்.

நான் ஓடினேன். வெந்நீரும் ஆப்பச்சோடாவும் கொண்டுவந்தபோது, உதவும் எண்ணத்தில் ஒருவர் அரிக்கேன் விளக்கை மின்கலத்தின் அருகே கொண்டுவந்தார். அன்றிரவு அப்பா குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான்: “தூர எடுங்கள்!” ஈய அமில மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும், தீப்பட்டால் மின்கலம் வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

முதலில் எதிர்முனையைக் கழற்றினார். அதன்பின்னரே நேர்முனையைக் கழற்றினார். அக்காரில் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்தது. அது பூட்டியிருக்கும்போது நேர்முனையைக் கழற்றும் ஸ்பானர் தவறி வண்டியின் உடலில் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். இணைப்புகளின்மேல் ஆப்பச்சோடாவைத் தூவி வெந்நீரை ஊற்றினார். அது நுரைத்துப் பொங்கி, அமிலம் முறிந்து, பொடி கரைந்து வழிந்தது. கத்தி முனையால் முனையையும் பிடிப்பானின் உட்புறத்தையும் ஈயம் பளபளக்கும்வரை சுரண்டினார். துணியால் ஈரம் போகத் துடைத்தார். நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் பூட்டினார்.

“திருப்பு.”

எஞ்சின் ஒரே சுழற்சியில் உயிர்பெற்று உறுமியது. அவர் கேட்ட பத்து நிமிடம் முடிய இன்னும் சிறிது நேரம் இருந்தது. என் பொய் இல்லாதிருந்தால் அதில் பாதி போதுமானதாக இருந்திருக்கும்.

பாலத்தருகே ஒரு தேநீர்

விடியற்காலையில் அக்காவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தருகே தேநீர்க்கடையில் அப்பா வண்டியை நிறுத்தினார். கீழே ஆறு செந்நிறமாக நுரைத்து ஓடியது. இரண்டு தேநீர் வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

“அந்த வெள்ளைப்பொடி இரண்டு மூன்று வாரத்தில் அவ்வளவு பூக்காது, தம்பி.”

என் கையிலிருந்த தேநீர் ததும்பியது. “மூன்று மாதமாக நான் துடைக்கவில்லை அப்பா” என்றேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. “துடைக்காதது சோம்பல். அது எனக்கும் வரும். துடைத்ததாக எழுதினாயே, அதனால்தான் நான் வண்டிக்கு அடியில் போய்க் கிடந்தேன். குறிப்பேட்டில் நீ ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் அந்த இணைப்பைத்தான் முதலில் பார்த்திருப்பேன். தெரியாததை வைத்துக்கொண்டு தேடிவிடலாம். தவறாகச் சொன்னதை வைத்துக்கொண்டு எப்படித் தேடுவது?”

வீட்டிற்கு வந்ததும் அவர் சொல்லாமலே குறிப்பேட்டை எடுத்தேன். ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் என மூன்று இடங்களிலும் ‘முடிந்தது’ என்பதை அடித்து, ‘முனைகளைத் துடைக்கவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அத்தை வீட்டாரிடமோ தெருவாரிடமோ அப்பா இதைக் கடைசிவரை சொன்னதில்லை.

ஒலிகளின் இலக்கணம்

கல்லூரியில் இயற்பியல் பயின்றபோது அன்றைய இரவு எண்களாக எனக்கு விளங்கியது. ஓர் இணைப்பில் 0.05 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். முகப்பு விளக்குகளுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர் போதும். ஓம் விதிப்படி அங்கு இழப்பு 0.5 வோல்ட்டுதான், விளக்கு நன்றாகவே எரியும். தொடக்க மின்னோடியோ 100 ஆம்பியருக்கும் மேல் கேட்கும். 100 ஆம்பியர் என்றாலே இழப்பு 5 வோல்ட். 12 வோல்ட்டில் 7 வோல்ட்டே மிஞ்சும். அந்த இணைப்பில் 500 வாட் வெப்பமாகும். சிறு சுமையில் மறைந்திருக்கும் குறை, பெரும் சுமை வரும்போதுதான் வெளிப்படுகிறது. மூன்று மாதமாகக் கிளம்பிய வண்டி அன்றிரவு ஏன் நின்றது என்பதற்கும் இதுவே விடை. பொடி நாள்தோறும் வளர்ந்து, மின்தடை மெல்ல மெல்ல உயர்ந்து, எல்லையை அன்று தாண்டியது.

இன்று நானும் ஒரு கார் வைத்திருக்கிறேன். கையில் பன்னளவி இருக்கிறது. ஆயினும் அப்பாவின் வரிசைமுறையே என் வரிசைமுறை. முதல் கேள்வி: எஞ்சின் சுழலவே இல்லையா, சுழன்றும் பற்றவில்லையா? இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

சாவியைத் திருப்பியும் எந்த ஒலியும் இல்லையென்றால் விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கும் எரியாவிடில் மின்கலமோ அதன் இணைப்போ காரணம். விளக்கு ஒளிர்ந்தால் சாவித் தொடர்பு, உருகி, தொடர்மாற்றி ஆகியவற்றை நோக்க வேண்டும். புதிய வண்டிகளில் கிளட்சை முழுமையாக மிதிக்காவிட்டாலும், தானியங்கி வண்டிகளில் கியர் உரிய நிலையில் இல்லாவிட்டாலும் இதே அமைதி நேரும். ‘டகடக’ எனத் தொடர்ந்து ஒலித்தால் பெரும்பாலும் மின்கலம் வலுவிழந்திருக்கும். ஒற்றை ‘டக்’ கேட்டு, விளக்கு மங்காதிருந்தால் மின்னோடியின் வழியை ஆராய வேண்டும். விளக்கும் சேர்ந்து அணைந்தால் மின்கல முனைகளைப் பார்க்க வேண்டும். எஞ்சின் விரைவாகச் சுழன்றும் பற்றாவிடில் மின்கலத்தைக் குறைகூறிப் பயனில்லை; எரிபொருளும் காற்றும் வந்துசேர்கின்றனவா, பெட்ரோல் வண்டியானால் தீப்பொறியும் வருகிறதா என்று தேட வேண்டும்.

அளவுகளும் பேசுகின்றன. ஓய்வில் இருக்கும் நல்ல மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே வீழ்ந்தால் மின்கலத்தை ஐயுறலாம். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் மின்னியற்றி தன் கடமையைச் செய்கிறது என்று கொள்ளலாம். காரணம் அறியாமல் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்ப்பது பணத்தையும் வீணாக்கும்; நோயையும் மறைத்துவிடும். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவருக்கு வகுத்த முறை, ஸ்பானர் பிடித்த கைக்கும் உரியதே.

ஒரு நேர்க்கோட்டின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் ஓம் விதிச் சோதனையின் பதிவேட்டை என்னிடம் கொண்டுவந்தான். வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் அளவுகோல் வைத்தாற்போல் ஒரே கோட்டில் இருந்தன. பள்ளி ஆய்வகத்தின் பழைய கருவிகளில் அவ்வளவு அழகான கோடு வருவதில்லை.

“இவையெல்லாம் நீ பார்த்த அளவுகளா?” என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தான். “ஊசி ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது ஐயா. விடை தவறாக வந்தால் மதிப்பெண் போய்விடும் என்று மாற்றி எழுதினேன்.”

நான் அவனைக் கடியவில்லை. கடியும் தகுதி எனக்கில்லை. அவனை அருகில் அமர்த்தி, ஐப்பசி மழையில் என் தந்தை சேற்றில் படுத்த ஐந்து நிமிடத்தைச் சொன்னேன். வகுப்பறையில் அதை நான் சொன்னது அதுவே முதன்முறை. கேட்டு முடித்தவன் ஒன்றும் பேசாமல் எழுந்து, கழற்றிவைத்த மின்சுற்றை மறுபடி அமைத்தான். ஊசி மறுபடியும் ஆடியது. இம்முறை அவன் அந்த ஆட்டத்தை மறைக்கவில்லை. அதைத் தொடர்ந்து சென்றான். ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டு அசைத்துப் பார்த்தான். மூன்றாவது திருகின் அடியில் கம்பி முனை கறுத்துத் தளர்ந்திருந்தது.

உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினான். ஊசி நிலைத்து நின்றது. பதிவேட்டில் முதலில் எடுத்த தவறான அளவுகளையும் அவன் அழிக்காமல் எழுதினான், பக்கத்தில், ‘இணைப்பு தளர்ந்திருந்தது, சரிசெய்த பின் மீண்டும் அளந்தேன்’ என்று குறித்தான்.

நான் கையொப்பமிட்டேன். அப்பா இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை விரும்பிப் படித்திருப்பார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் அல்லது பள்ளியில் இயங்காமல் நின்ற ஒரு பொருளின் பழுதை எவ்வாறு கண்டறிந்தீர்கள் என்பதைக் கேள்வி - விடை வரிசையாக எழுதுக.

2. “தெரியாததை வைத்துக்கொண்டு தேடிவிடலாம், தவறாகச் சொன்னதை வைத்துக்கொண்டு எப்படித் தேடுவது?” – இக்கூற்று மருத்துவம், ஆய்வகம், அன்றாட வாழ்வு ஆகியவற்றுக்கு எவ்வாறு பொருந்தும் என்பது குறித்துக் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரில் உள்ள வாகனப் பழுதுநீக்குநர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான தமிழ்ச்சொற்களுடன் பட்டியலிடுக.